மூன்று தவறு

சோங்குல்தாக்கில் எங்கள் தெரு
கருங்கடலுக்கு முதுகைக் காட்டி
சுரங்கத்தைப் பார்த்து நிற்கிறது.
அறிவியல் உயர்நிலைப் பள்ளி மேட்டின் மறுபக்கம்.
வாசல்வரை போக இரண்டு மினிபஸ்,
உள்ளே போகத் தொண்ணூறு கேள்வி.

வினாவங்கி புதிதாக வாங்கினால்
பதினைந்து நாள் ரொட்டிக் காசு.
அப்பா பழையதைக் கொண்டுவந்தார்.
தலையணை கனம். அறுநூற்றுச் சொச்சம் பக்கம்.
முதல் தாளில் ஊதா மையில்
குல்சும் கலாய்ஜி, எட்டாம் வகுப்பு, பி பிரிவு.
உள்ளே பென்சிலால்
எல்லாவற்றுக்கும் வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

"விடை தெரிந்த புத்தகத்தில் என்னத்தைப் படிக்க?"
கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்து
குளித்து, பருப்பு சூப் குடித்து,
சட்டைப் பையிலிருந்து
வெள்ளை ரப்பர் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அன்றிலிருந்து இரவுக்குப் பத்துப் பக்கம்.
எனக்கு ஒரு நாள் முன்னால்
அழித்துக்கொண்டே போனார்,
சாலையில் பனி தள்ளும் வண்டிபோல.
ரேகைக்குள் இறங்கிய கரி
எந்தச் சோப்புக்கும் மசியாது.
அழித்த இடமெல்லாம் சாம்பல் நிறத்தில் பெருவிரல்:
பித்தகோரஸ் மேல் ஒன்று,
எச்சங்கள் மேல் ஒன்று,
டி.என்.ஏ. ஏணியில் ஏறுவதுபோல் நாலைந்து.

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பாள்:
"சத்தில்மிஷ், பரீட்சை அவளுக்கா உனக்கா?"
"நான் எங்கே படிக்கிறேன்,
அழிக்கத்தானே செய்கிறேன்."

சனிக்கிழமை வகுப்பில் ஃபெரிதே டீச்சர்
முதல் நாளே சொல்லிவிட்டார்:
மூன்று தவறு சேர்ந்து ஒரு சரியைத் தின்றுவிடும்.
தெரியாவிட்டால் வெறுமையாக விடுங்கள்,
வெற்றிடம் யாரையும் தின்னாது.
அப்பாவிடம் சொன்னேன்.
ரப்பர் தூளை ஊதாமல் வெகுநேரம் இருந்தார்.
"அந்த ஒரு சரி என்ன பாவம் செய்தது?" என்றார்.

அவர் எல்லாவற்றையும் அழிப்பதில்லை என்பது
பிப்ரவரியில்தான் தெரிந்தது.
பக்கம் 212, ஓரத்தில், எறும்பெழுத்தில்:
தூக்கம் வருகிறது. இன்னும் நாற்பது.
பக்கம் 340:
மழை. வீட்டில் யாருமில்லை. நிகழ்தகவு புரியாது புரியாது புரியாது.
பக்கம் 347:
புரிந்துவிட்டது!!
வட்டங்களைச் சுவடில்லாமல் துடைத்தவர்
இவற்றை மட்டும் சுற்றி வளைத்துப் போயிருக்கிறார்,
நடுச்சாலையில் உறங்கும் நாயைச்
சுற்றிப் போகிற மினிபஸ் டிரைவர் மாதிரி.
ஏன் என்று கேட்டேன்.
"அதெல்லாம் விடை இல்லையே."

பக்கம் 455-க்குப் பிறகு வட்டங்கள் இல்லை.
அப்படியே நின்றுவிட்டிருந்தது.
காய்ச்சலோ, வேறு புத்தகமோ, வேறு ஊரோ.
அப்பா புரட்டிப் பார்த்தார், கடைசி அட்டைவரை.
அழிக்க ஒன்றுமில்லை.
ஆனாலும் தினமும் வந்து உட்கார்ந்தார்,
ஹேசல்நட் உடைத்து
ஓட்டை ஒரு பக்கமும் பருப்பை என் பக்கமும் ஒதுக்கியபடி.
சில நாள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.
அந்த நூற்றைம்பது பக்கமும்
ரேகை இல்லாமல் வெளுத்துக் கிடந்தது.
எனக்கு அங்கேதான் பயமாக இருந்தது.

ஜூன் மாத ஞாயிறு. வேறொரு பள்ளி, பெரியவர்களுக்கான பெஞ்சு.
இரண்டை வெறுமையாக விட்டேன்.
ஒன்று தெரியாமல்.
மற்றொன்று தெரிந்தும்,
கட்டத்தைக் கறுப்பாக்கப் போன கை
பாதியில் நின்றுவிட்டதால்.
அந்த இரண்டாவதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

முடிவு இன்னும் வரவில்லை.
நேற்று இரவு அப்பா
முதல் பக்கத்திலிருந்து மறுபடி ரப்பரை எடுத்தார்.
இம்முறை என் வட்டங்கள்.
கீழ்வீட்டு ஓர்ஹூனுக்கு அடுத்த வருடம் பரீட்சையாம்.

455-இல் அவருக்கு ஒன்று கிடைக்கும்.
மே மாதம் எழுதியது, பென்சிலால், சின்னதாக:
குல்சும், இங்கிருந்து நான்.